அன்றாடக் கணினிப் பழுதுகளை அறிதலும் தீர்த்தலும்: காஞ்சிபுரம் பட்டுத் தொழிலை முன்வைத்து

1. ஆய்வின் பொருளும் எல்லையும்

காஞ்சிபுரம் பட்டுச் சேலை 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கைத்தறிப் பொருளாகும். கரையையும் உடலையும் கோர்வை போட்டுப் பிணைத்தும், வேறு நிற முந்தியைப் பெட்னி போட்டு இணைத்தும் நெய்யப்படும் இச்சேலையின் நெசவு, இன்றும் தறிக்குழியில் அமர்ந்து செய்யும் கைவேலையாகவே நீடிக்கிறது. ஆயினும் நெசவுக்கு முன்னும் பின்னும் நிகழும் பணிகளில் பல கணினிக்கு மாறிவிட்டன. டிசைன் வரைவது, அட்டை அடிப்பதற்கான கோப்பை அமைப்பது, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பட்டியலையும் கூலிக் கணக்கையும் பேணுவது, 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரிக்கான பட்டியல்களைத் தயாரிப்பது, வெளியூர் வாடிக்கையாளர்களுக்குச் சேலையின் படங்களை அனுப்புவது ஆகிய எல்லாவற்றுக்கும் கணினியோ கைப்பேசியோ தேவைப்படுகிறது. காந்தி சாலையில் உள்ள கடையானாலும், பிள்ளையார்பாளையத்தில் உள்ள நெசவாளர் வீடானாலும், கணினி ஒரு நாள் நின்றுவிட்டால் அன்றைய வேலையும் நின்றுவிடுகிறது.

இவ்வாறு கணினியைச் சார்ந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் கணினியைப் பாடமாகப் பயின்றவர்கள் அல்லர். பழுது நேரும்போது அவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை இரு வகைப்பட்டது. ஒன்று, ஒன்றோடொன்று தொடர்பில்லாத குறிப்புகளின் தொகுப்பு. மற்றொன்று, ‘பார்மட் போட்டுவிடலாம்’ என்னும் பழுது பார்ப்பவரின் முடிவு. முதலாவது, எந்தக் குறிப்பை எப்போது பயன்படுத்துவது என்பதைச் சொல்வதில்லை. இரண்டாவது, வட்டில் உள்ள அனைத்தையும் அழித்துவிட்டு மென்பொருளைப் புதிதாக நிறுவுவதாகையால், பழுதோடு சேர்த்துப் பல ஆண்டு உழைப்பையும் போக்கிவிடக்கூடியது. பழுதை இடம் பிரித்து அறியும் முறை ஒன்று கைவந்தால், அன்றாடச் சிக்கல்களில் பெரும்பகுதியைப் பயனரே தீர்த்துக்கொள்ள முடியும் என்பதும், தீர்க்க முடியாதவற்றிலும் தரவைக் காத்துக்கொள்ள முடியும் என்பதும் இக்கட்டுரை நிறுவ விழையும் கருத்தாகும்.

2. அட்டையும் நிரலும்: பழுதை இடம் பிரித்து அறிதல்

பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு 1804இல் உருவாக்கிய கருவி, பாவு இழைகளில் எவை உயர வேண்டும், எவை கீழே நிற்க வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகளின் வழியே தீர்மானித்தது. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே புக, அதனோடு இணைந்த கொக்கி இழையை உயர்த்தும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்பட, கொக்கி எழாது. ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்னும் இந்த இரட்டை நிலையே இன்றைய கணினியின் அடிப்படையாகவும் உள்ளது. சார்லஸ் பாபேஜ் 1830களில் திட்டமிட்ட பகுப்பாய்வு எந்திரத்துக்கு ஜக்கார்டின் துளையட்டையையே எடுத்துக்கொண்டார். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித்தின் பொறிகளும் துளையட்டைகளைக் கொண்டே கணக்கிட்டன. எனவே அட்டை கோத்த தறியில் நெய்யும் நெசவாளர், கணினி நிரல் என்பதன் முன்னோடியை அன்றாடம் கையாள்பவர் என்று கூறுவது மிகையாகாது.

பழுதை அறிவதிலும் தறி ஒரு நல்ல பாடத்தைத் தருகிறது. நெய்த துணியில் குறை தென்பட்டால், அது எந்த வடிவில் தோன்றுகிறது என்பதைக் கொண்டே காரணம் எங்கே உள்ளது என்று நெசவாளர் கண்டுகொள்கிறார். பூ வேலைப்பாட்டில் ஒரு புள்ளி மட்டும் விடுபட்டு, அதே பூ மீண்டும் வரும்போதெல்லாம் அதே இடத்தில் விடுபடுமானால், குறை அட்டையில் உள்ளது. குறை நீளவாக்கில் ஒரே கோடாக இடைவிடாது ஓடுமானால், பாவு இழை அறுந்திருக்கும் அல்லது கொக்கியும் அதன் கயிறும் பழுதாகியிருக்கும். குறுக்கே ஒரே ஒரு முறை தோன்றி அதன்பின் மறையுமானால், அந்த ஊடையை ஓட்டும்போது நேர்ந்த தடங்கலாகும்.

இந்த மூவகைப் பாகுபாடு கணினிக்கும் பெருமளவு பொருந்தும். ஒரு குறிப்பிட்ட கோப்பைத் திறக்கும்போதோ, ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்யும்போதோ மட்டும் பழுது தவறாமல் தோன்றினால், காரணம் அந்தக் கோப்பிலோ மென்பொருளிலோ இருக்கும். அதற்காக வன்பொருளை, அதாவது கையால் தொடத்தக்க உறுப்புகளை, மாற்றுவதில் பயனில்லை. எந்த மென்பொருளைத் திறந்தாலும் பழுது தொடருமானால், வட்டு, நினைவகம், மின்வழங்கி ஆகிய உறுப்புகளையோ இயங்குதளத்தையோ ஐயுறலாம். இயங்குதளம் என்பது விண்டோஸ், லினக்ஸ் போன்று, உறுப்புகளுக்கும் பிற மென்பொருள்களுக்கும் இடையே நின்று வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளாகும். ஒருமுறை நேர்ந்து மறைந்த பழுதை நாளும் நேரமும் குறித்து வைத்துவிட்டு வேலையைத் தொடரலாம். குறிப்பு சேரச்சேர, அது தனி நிகழ்வா அல்லது தொடர் பழுதின் தொடக்கமா என்பது தெளிவாகும்.

இந்த முறைக்கு நான்கு விதிகள் துணை நிற்கின்றன. முதலாவது, வேறு எதையும் செய்வதற்கு முன் முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் படி எடுப்பது. இரண்டாவது, பழுது தோன்றுவதற்குச் சற்று முன் எது மாறியது என்று எண்ணிப் பார்ப்பது. புதிய மென்பொருள், புதிய அச்சுப்பொறி, முந்தைய நாளின் மின்தடை ஆகியவற்றில் ஒன்று பெரும்பாலும் விடையாக அமையும். மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. ஒரே மூச்சில் நான்கை மாற்றினால், பழுது நீங்கினாலும் எதனால் நீங்கியது என்பது தெரியாது. நான்காவது, திரையில் தோன்றும் பிழைச் செய்தியை மூடிவிடாமல் கைப்பேசியில் படமெடுத்து வைப்பது. பழுது பார்ப்பவருக்கு ‘என்னவோ வந்தது’ என்ற விவரத்தைவிட அந்தப் படம் பன்மடங்கு பயன்படும்.

3. மின்சாரம், வெப்பம், தூசு

மென்பொருளைக் குறைகூறும் முன் பார்க்க வேண்டியது மின்சாரம். கணினி எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் திடீரென நின்றால், கோப்பு பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுவிடும்; கணக்கு மென்பொருள்களின் தரவுகள் சிதைவதற்கு இது முக்கியக் காரணமாகும். மின்தடையின்போது சில நிமிடங்கள் மின்சாரம் தரும் யுபிஎஸ் கருவி, வேலையைத் தொடர்வதற்காக அன்று, கோப்பைச் சேமித்துக் கணினியை முறையாக நிறுத்துவதற்காகவே உள்ளது. அதன் பேட்டரி சில ஆண்டுகளில் வலுவிழந்துவிடும் என்பதால், வேலை இல்லாத நேரத்தில், கோப்புகள் அனைத்தையும் மூடிவிட்டு, சுவர் இணைப்பை அணைத்து அது எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று சோதித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது வெப்பம். கணினியின் மையச் சில்லு அளவுக்கு மீறிச் சூடேறும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதன்பின்னும் வெப்பம் ஏறினால் கணினி தானே அணைந்துவிடும். அக்னி நட்சத்திர நாட்களின் பிற்பகலில் மட்டும் கணினி மந்தமாகி, இரவில் சரியாக இயங்குமானால், அங்கே முதலில் ஐயுற வேண்டியது வெப்பத்தையே. தறி ஓடும் வீட்டில் பட்டு இழையின் நுண்துகளும் தெருப்புழுதியும் காற்றாடியின் பின்புறத்தில் சேர்ந்து மெல்லிய விரிப்பாகப் படிகின்றன. மின் இணைப்பை முழுவதும் துண்டித்துவிட்டு, காற்றாடி சுழலாதவாறு பிடித்துக்கொண்டு, ஊதுகருவியால் அத்தூசை நீக்கினாலே பல கணினிகள் பழைய வேகத்துக்குத் திரும்புகின்றன. மடிக்கணினியை மெத்தையின் மீது வைத்து இயக்கினால் காற்று புகும் வழி அடைபடும் என்பதையும் மனத்திற்கொள்ள வேண்டும்.

சிறிய உறுப்பொன்று பெரிய குழப்பத்தை விளைவிப்பதற்கு, மேசைக் கணினியின் தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவப் பேட்டரி எடுத்துக்காட்டாகும். 3 வோல்ட் அளவுள்ள இந்தப் பேட்டரி, கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓடச் செய்கிறது. அது தீர்ந்துவிட்டால், கணினியைத் தொடங்கும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். வங்கி, வரித்துறை ஆகியவற்றின் தளங்கள் பாதுகாப்புச் சான்றிதழைக் கொண்டு இயங்குகின்றன. அச்சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் தேதி அந்த எல்லைக்கு வெளியே இருந்தால், ‘இணைப்பு பாதுகாப்பானதன்று’ என்ற எச்சரிக்கை தோன்றி, தளம் திறக்காது. இணையம் பழுதென்று எண்ணி அலைவதற்கு முன், திரையின் மூலையில் உள்ள தேதியைப் பார்ப்பதே இதற்கான தீர்வாகும்.

4. வேகக் குறைவு

கணினி மெதுவாக இயங்குகிறது என்பதே மிகப் பரவலான குறையாகும். இதற்கு மூன்று காரணங்களை வரிசையாகப் பார்க்கலாம். முதலாவது, கணினி தொடங்கும்போதே தாமாக இயங்கத் தொடங்கும் செயலிகளின் கூட்டம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் விண்டோஸில் தோன்றும் டாஸ்க் மேனேஜர் பலகையில், எந்தச் செயலி எவ்வளவு நினைவகத்தை எடுத்துக்கொள்கிறது என்பதையும், எவையெல்லாம் தொடக்கத்திலேயே எழுகின்றன என்பதையும் காணலாம். தேவையற்றவற்றை அங்கேயே முடக்கிவிடலாம். இரண்டாவது, வட்டில் இடமின்மை. இயங்குதளம் தற்காலிகக் கோப்புகளை எழுதுவதற்கு வெற்றிடம் தேவை என்பதால், சி என்னும் பகுதி நிரம்பி வழியும்போது எல்லா வேலைகளும் தடுமாறும். மூன்றாவது, வட்டின் வகை.

2011இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த மாணவர்கள் வழியாக, அதுவரை கணினியே இல்லாத வீடுகளிலும் கணினியைக் கொண்டு சேர்த்தது. அக்காலத்து மடிக்கணினிகள் சுழலும் தட்டுகளைக் கொண்ட வன்வட்டு உடையவை. உறுப்புகள் நல்ல நிலையில் இருக்குமானால், அந்த வன்வட்டை அகற்றி, அசையும் பகுதிகள் இல்லாத எஸ்எஸ்டி என்னும் சில்லு வட்டைப் பொருத்துவதும், நினைவகத்தைக் கூட்டுவதும், புதிய கணினி வாங்குவதைவிட மிகக் குறைந்த செலவில் பயன் தரும். வன்வட்டிலிருந்து ‘டிக் டிக்’ என்ற ஓசை விட்டுவிட்டு எழுமானால், அது வேகக் குறைவன்று, வட்டு செயலிழக்கப் போவதன் அறிகுறி. அப்போது செய்ய வேண்டிய ஒரே வேலை கோப்புகளை உடனே வேறிடத்துக்கு மாற்றுவதாகும்.

இவ்விடத்தில், பலரும் அறியாத ஒரு வேறுபாட்டைச் சுட்டுவது அவசியம். விண்டோஸ் 8 முதலான பதிப்புகளில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால், அடுத்த முறை விரைவாகத் தொடங்குவதற்காக இயங்குதளம் தன் மையப் பகுதியின் நிலையை வட்டில் சேமித்து வைத்து, மீண்டும் அதையே எடுத்துக்கொள்கிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் அனைத்தும் முதலிலிருந்து தொடங்குகின்றன. ஆகவே பல நாட்களாக அணைத்து அணைத்துப் போட்டும் நீங்காத அச்சுப்பொறிச் சிக்கல் போன்றவை, ஒருமுறை ‘ரீஸ்டார்ட்’ கொடுத்ததும் நீங்குவதில் வியப்பில்லை.

5. தமிழ் எழுத்துச் சிக்கல்

தமிழில் கணக்கும் கடிதமும் எழுதுவோருக்கு வேறெந்தப் பழுதையும்விட அதிக அலைச்சலைத் தருவது எழுத்துச் சிக்கலாகும். இதைப் புரிந்துகொள்ள மூன்று சொற்களைப் பிரித்தறிய வேண்டும். குறியாக்கம் என்பது ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை ஒதுக்கும் ஏற்பாடு. எழுத்துரு என்பது அந்த எண்ணுக்குரிய வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டும் கோப்பு. விசைப்பலகை அமைப்பு என்பது எந்த விசையை அழுத்தினால் எந்த எழுத்து பதிவாகும் என்னும் ஒழுங்கு. இம்மூன்றும் தனித்தனியானவை. ‘எழுத்துரு இல்லை’ என்று சொல்லப்படும் பல சிக்கல்கள் உண்மையில் குறியாக்கச் சிக்கல்களே.

தமிழுக்கான எழுத்துருக்களை ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் உருவாக்கிய காலத்தில், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின் மீதே தமிழ் வடிவங்கள் ஏற்றப்பட்டன. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கணினியில் பதிவாகிறது. அந்த எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். இக்குழப்பத்தைத் தீர்க்க, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரப்படுத்தப்பட்டன. இணையத் தமிழர்களிடையே திஸ்கி என்னும் குறியாக்கம் பரவியது. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண்களை ஒதுக்கும் யுனிகோடு முறையில் 1991ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தபோதிலும், விண்டோஸ் 2000 வெளிவந்த பிறகே அது மேசைக் கணினிகளில் பரவலாகப் பயன்படலாயிற்று. 2010இல் தமிழ்நாடு அரசு, யுனிகோடையும் டேஸ்16 என்னும் குறியாக்கத்தையும் தரமாக ஏற்றது.

முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன், அழகியை உருவாக்கிய பா. விஸ்வநாதன் போன்றோரின் உழைப்பும், இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களும், தமிழில் தட்டச்சு செய்வதை எளியோரின் கைக்குக் கொண்டுவந்தன என்பதை நன்றியுடன் நினைவுகூர வேண்டும். இன்று விண்டோஸிலும் கைப்பேசிகளிலும் தமிழ் விசைப்பலகை உள்ளடங்கியே வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் எழுத்துருக்களையும் மாற்றிகளையும் இலவசமாக வழங்குகிறது. ஆகவே புதிய ஆவணங்களை யுனிகோடில் மட்டுமே எழுதுவது என்று ஒவ்வோர் அலுவலகமும் உறுதிகொள்வதற்குத் தடை எதுவும் இல்லை.

பழைய ஆவணங்களை மாற்றும்போது ஒழுங்குமுறை வேண்டும். கோப்பைத் திறந்து, எழுத்தின் மீது சுட்டியை வைத்து, எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொள்வது முதற்படி. அந்தப் பெயரைக் கொண்டே எந்தக் குறியாக்கத்திலிருந்து மாற்றுவது என்பது முடிவாகும். மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் படியை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிய பின் கொம்பு உள்ள எழுத்துகளைச் சரிபார்க்க வேண்டும். ஏனெனில் பழைய முறைகளில் ‘கெ’ என்னும் எழுத்தின் கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி முன்னே பதிவாகும், யுனிகோடிலோ ககரத்துக்குப் பின்னே பதிவாகும்.

கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் உள்ள எழுத்துகள் தனிக்கவனத்துக்கு உரியவை. உறுப்பினர் பட்டியலில் கௌரி என்ற பெயரைத் தேடும்போது கிடைக்கவில்லை என்றால், அப்பெயர் ‘கெ’ என்னும் எழுத்தையும் ‘ள’ என்னும் எழுத்தையும் அடுத்தடுத்து வைத்து ‘கெளரி’ என்று பதிவாகியிருக்கலாம். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கோ முதலாவது இரண்டெழுத்துப் பெயர், இரண்டாவது மூன்றெழுத்துப் பெயர். ஔ என்னும் உயிரெழுத்தை ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து எழுதுவதும் இத்தகையதே. ஸ்ரீதர், ஸ்ரீநிவாசன் போன்ற பெயர்களின் முதலெழுத்துக்கும் யுனிகோடில் இரு வேறு பதிவுகள் உண்டு. 2005இல் கூடுதலாக ஒரு சகரம் சேர்க்கப்பட்ட பின், ஒரே வடிவத்தை அதைக் கொண்டும் எழுத முடிகிறது. ஒரே உறுப்பினர் பட்டியலில் இருமுறை இடம்பெறுவதற்கும், தேடும்போது இல்லாமற்போவதற்கும் இது காரணமாகும். பட்டியலைத் தொடங்கும்போதே எழுத்துமுறையை வகுத்துக்கொண்டு, ‘தேடி மாற்று’ என்னும் வசதியால் பழையவற்றைச் சீராக்குவதே இதற்கான தீர்வு.

6. எண்களும் தேதிகளும்

எழுத்தில் நேரும் பிழை கண்ணில் படும். எண்ணில் நேரும் பிழை பெரும்பாலும் படுவதில்லை. கூலியை வங்கிக் கணக்கில் செலுத்துவதற்காகத் தயாரிக்கப்படும் எக்செல் பட்டியலில் இந்த ஆபத்து உண்டு. எக்செல் ஓர் எண்ணின் முதல் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை உள்ளிட்டால் கடைசி இலக்கம் சுழியமாக மாறிவிடும். எண்ணின் தொடக்கத்தில் உள்ள சுழியங்களும் மறைந்துவிடும். அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்னும் எழுத்து வகையாக முன்கூட்டியே அமைத்த பிறகு எண்களை உள்ளிட்டால் இரண்டு பிழைகளும் நேரா. உள்ளிட்ட பிறகு வகையை மாற்றுவதால் இழந்த இலக்கம் திரும்பி வராது.

தேதியிலும் இதே கவனம் தேவை. கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் 05/08 என்பது ஆகஸ்ட் 5 அன்று, மே 8 ஆகிவிடும். இயங்குதளத்தின் வட்டார அமைப்பில் இந்தியாவைத் தேர்ந்தெடுப்பதே இதற்கு நிலையான தீர்வாகும். தமிழ்ப் பெயர்கள் அடங்கிய சிஎஸ்வி கோப்பை, அதாவது காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட வெறும் எழுத்துக் கோப்பை, நேரடியாகச் சொடுக்கித் திறந்தால் பெயர்கள் சிதைந்து தோன்றக்கூடும். எக்செலின் ‘டேட்டா’ பகுதி வழியாக அக்கோப்பை இறக்கி, குறியாக்கமாக யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் தமிழாகவே தெரியும்.

7. டிசைன் கோப்பு

ஜக்கார்டு டிசைன் கட்டத்தாளில் வரையப்பட்ட காலத்தில், ஒரு கட்டம் என்பது ஒரு பாவும் ஓர் ஊடையும் சந்திக்கும் இடத்தைக் குறித்தது. கணினித் திரையில் அந்தக் கட்டத்தின் இடத்தைப் படப்புள்ளி எடுத்துக்கொண்டது. ஆகவே டிசைன் கோப்பு பார்ப்பதற்கு ஓவியமாகத் தோன்றினாலும், உண்மையில் அது ஒவ்வோர் இழைக்கும் இடப்படும் கட்டளைகளின் பட்டியலாகும். இதை உணராமல் கோப்பைக் கையாளும்போது இழப்பு நேர்கிறது.

ஜேபெக் என்னும் பட வகை, கோப்பின் அளவைக் குறைப்பதற்காகக் கண்ணுக்குப் புலப்படாத நுண்விவரங்களை விட்டுவிடுகிறது. நிற எல்லைகளில் இடைப்பட்ட நிறங்களைப் புகுத்துகிறது. சேலையின் ஒளிப்படத்துக்கு இதனால் குறைவில்லை. டிசைனுக்கோ இது கேடாகும்: சிவப்புக்கும் வெள்ளைக்கும் இடையே தோன்றும் வெளிர்சிவப்புப் புள்ளிக்கு அட்டையில் துளை இடுவதா, விடுவதா என்று மென்பொருளால் சரியாக முடிவு செய்ய இயலாது, பூவின் விளிம்பு பிசிறடிக்கும். எனவே டிசைனை, புள்ளிகளை மாற்றாமல் சேமிக்கும் பிஎம்பி, பிஎன்ஜி ஆகிய வகைகளிலேயே வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் இதே சுருக்கம் நிகழ்வதால், டிசைனை ‘டாக்குமெண்ட்’ என்னும் ஆவண வகையில் இணைத்து அனுப்ப வேண்டும். அப்போது கோப்பு புள்ளி மாறாமல் சென்று சேரும். ஜேபெக்காக ஒருமுறை சேமித்துவிட்ட டிசைனை மீண்டும் பிஎம்பியாகச் சேமித்தாலும், இழந்தது மீளாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

8. காப்புப் படி

கணினியின் எந்த உறுப்பையும் கடையில் வாங்கிவிடலாம். பல ஆண்டுகளாகச் சேர்ந்த டிசைன்களையும் உறுப்பினர் கணக்கையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பழைய அட்டைக் கட்டுகள் பரணில் கிடந்தாலும் எடுத்துக் கோக்கலாம். வட்டு செயலிழந்தால் அதில் உள்ள நூற்றுக்கணக்கான டிசைன்கள் ஒரே நொடியில் போய்விடும். ஆகவே இக்கட்டுரையில் கூறப்படும் அனைத்திலும் முதன்மையானது காப்புப் படியாகும்.

உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி 3-2-1 என்று சுருக்கமாகக் குறிக்கப்படுகிறது: ஒவ்வொரு முக்கியக் கோப்புக்கும் மூன்று படிகள், இரு வேறு வகைச் சேமிப்பகங்களில், அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில். கணினியில் உள்ளது ஒன்று, வெளி வட்டில் ஒன்று, கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் ஒன்று என்று கொண்டால் நெறி நிறைவேறும். வெளி வட்டை எப்போதும் கணினியோடு இணைத்தே வைத்திருப்பது காப்பாகாது. மின்னதிர்ச்சியோ நச்சுநிரலோ தாக்கினால் இரண்டும் ஒன்றாகவே போகும். எடுத்த படியை அவ்வப்போது திறந்து பார்ப்பதும் இன்றியமையாதது.

தவறுதலாக அழித்த கோப்பை மீட்பது குறித்தும் தெளிவு தேவை. வன்வட்டில் ஒரு கோப்பை அழித்தால், அதன் இடம் காலியென்று குறிக்கப்படுகிறதே ஒழிய, உள்ளடக்கம் உடனே மறைவதில்லை. எனவே அக்கணமே அந்த வட்டைப் பயன்படுத்துவதை நிறுத்தினால் மீட்பு மென்பொருளுக்கு வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி வட்டிலோ காலியிடம் விரைவில் துடைக்கப்பட்டுவிடுவதால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. புதிய வட்டு வேகத்தைத் தருகிறது. அதனோடு கூடவே காப்புப் படியின் கட்டாயத்தையும் கூட்டுகிறது.

9. பாதுகாப்பு

இயங்குதளத்தில் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்க நிறுவனங்கள் வெளியிடும் திருத்தங்களே ‘அப்டேட்’ எனப்படுகின்றன. 2017 மே மாதம் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்ட வானாகிரை என்னும் நச்சுநிரல் பயன்படுத்திய ஓட்டைக்கு, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே திருத்தத்தை வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளே பெரும்பாலும் பலியாயின. விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கானது 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவுற்றன. புதிய பதிப்பை ஏற்க இயலாத பழைய கணினியை வங்கி வேலைக்குப் பயன்படுத்தாமல், டிசைன் பார்ப்பதற்கு மட்டும் இணையமின்றி வைத்துக்கொள்ளலாம். அல்லது கட்டணமற்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம். உரிமம் இல்லாத மென்பொருளை இயக்குவதற்காகத் தரப்படும் ‘கிராக்’ கோப்புகள் நச்சுநிரல் நுழையும் வாயில்களில் முக்கியமானவை.

மென்பொருளால் தடுக்க முடியாத ஏமாற்றுகளும் உள்ளன. சேலை வாங்குவதாகக் கூறி, ‘பணம் வருவதற்கு’ க்யூஆர் குறியீட்டை வருடி ரகசிய எண்ணை இடச் சொல்வோர் உண்டு. யுபிஐ முறையில் பணத்தைப் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை; அதை இட்டால் பணம் போகுமே தவிர வராது. வங்கியின் பெயரால் அழைத்து, தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் செயலியை நிறுவச் சொல்வோரிடமும் இணங்கக் கூடாது. பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனேயே 1930 என்ற எண்ணில் அழைத்தோ, தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தின் வழியோ முறையிட வேண்டும்; எவ்வளவு விரைவாகப் புகார் செய்யப்படுகிறதோ, அவ்வளவுக்குப் பணத்தை இடைநிறுத்தும் வாய்ப்பு கூடும்.

10. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், அன்றாடக் கணினிப் பழுதுகள் மின்சாரம், வன்பொருள், மென்பொருள், தரவு ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்றைச் சேர்ந்தவை என்பதும், மீண்டும் மீண்டும் தோன்றுவது, இடைவிடாது தொடர்வது, ஒருமுறை தோன்றி மறைவது என்னும் மூவகைத் தோற்றத்தைக் கொண்டே அவற்றின் இடத்தை ஓரளவு அறியலாம் என்பதும் விளங்கும். தூசு நீக்குதல், தேதியைச் சரிசெய்தல், தொடக்கச் செயலிகளை முடக்குதல், எழுத்தைச் சீராக்குதல், எண்ணை உரிய வகையில் உள்ளிடுதல் ஆகியவை பயனரே செய்யத்தக்கவை. தாய்ப்பலகைப் பழுது, மின்வழங்கிப் பழுது, ஓசையெழுப்பும் வட்டு ஆகியவை தேர்ந்த பழுது பார்ப்பவரிடம் விடத்தக்கவை. இவ்விரண்டுக்கும் இடையே கோடு கிழிக்கத் தெரிவதே பயனருக்கு வேண்டிய அறிவாகும்.

அறுந்த ஓர் இழைக்காக எந்த நெசவாளரும் பாவு முழுவதையும் வெட்டி எறிவதில்லை. அறுந்த இடத்தைத் தேடிப் பிணைத்துவிட்டு நெசவைத் தொடர்கிறார். கணினியிடமும் அந்தப் பொறுமையையே கைக்கொள்ள வேண்டும். ‘பார்மட்’ என்பது கடைசி வழியாக இருக்கட்டும். அதற்கும் முன் படி எடுத்தாயிற்றா என்ற கேள்வி கேட்கப்படட்டும். டிசைனும் கணக்கும் கணினியில் வைத்திருக்கும் ஒவ்வொரு நெசவுக் குடும்பமும், ஒவ்வொரு கடையும், ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கமும் கூலி கொடுக்கும் நாளையே படி எடுக்கும் நாளாகவும் வைத்துக்கொள்வது நலம். அன்று வெளி வட்டில் ஒரு படி எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வேறிடத்தில் வைக்க ஆகும் நேரம், தறியில் ஒரு தார் மாற்றும் நேரத்தைவிட மிக அதிகமன்று.